லேபிளில் சிரித்தவன்

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன். எனக்கு எதிரே ஓர் அக்கா உட்காருவார். ஒடிசலான ஆள். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் காதில் கட்டியிருப்பார். பேசினாலும் கை நிற்காது.

அவர் மகளை ஒருவன் கொன்றான். அதைச் சினிமாப் படமாக எடுத்தார்கள். நன்றாக ஓடியது. தீபாவளி சீசனுக்கு வந்த லேபிளில், கொலைகாரனாக நடித்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போர்மேனிடம் வேறு வேலை கேட்டார்.

"யக்கா, அது நடிகருல்லா. அவனா?" என்றார் போர்மேன்.

"தெரியும்யா. ஆனா சட்டை அவன் சட்டை. அன்னைக்குப் போட்டிருந்ததைப் பாத்துத் தச்சிருக்காக."

"ஆர்டர் நிக்குதுக்கா," என்று அவர் போய்விட்டார்.

அக்காவின் லேபிள் கட்டுகளை என் பக்கம் இழுத்தேன். அவர் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"நீ ஒட்டுனா மட்டும் வேற மூஞ்சி ஆயிருமாக்கும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "படத்துல அவனுக்கு ரெண்டு பாட்டாம். எம்மக வாறதே பொணமாத்தானாம்."

சாயங்காலம் வரை ஒட்டினார். ஒன்றுகூடக் கோணவில்லை. நானாக இருந்தால் ஒரு லேபிளையாவது கிழித்திருப்பேன். அவர் ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.