பெரட்டுக்கு அடித்த கை

கைகள் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தன. சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்த கன்றுத் தோல், ஈரத்தில் வழுக்கியது. இடது கை பலாமரச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்திருந்தது. வலது கை தோலின் விளிம்பில் துளை போட்டு, வாரைக் கோத்து, பின்பக்கமாக இழுத்து முடிந்தது. ஒரு வாரை இறுக்கினால் அதற்கு எதிரில் இருக்கும் வாரையும் உடனே இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் தோல் கோணிக்கொள்ளும். அடிக்கும்போது ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் சாக்கைத் தட்டுவது போலவும் கேட்கும். புளியங்கொட்டைப் பசை விரலிடுக்கில் காய்ந்து உரிந்தது. வெளியே தேவாலாவின் மழை நின்றபாடில்லை. வெயிலில் காய வேண்டிய தப்புப் பறை அடுப்புக்கு மேலேதான் காய வேண்டும்.

"செய், நல்லாச் செய்," என்றார் அடுப்படியில் உட்கார்ந்திருந்த வீரம்மா. "போன தடவ வலது கையக் குடுத்தேன். இந்தத் தடவ இடது கையையும் வாங்கிட்டுப் போகட்டும்."

பழனியாண்டி அடுத்த வாரை இழுத்தார்.

வீரம்மா அவருடைய அக்கா. புருஷன் இல்லை, தம்பியோடுதான் இருந்தார். அவருடைய வலது கை முழங்கையில் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கொழுந்து பறித்த கை, இப்போது தலைமுடியை அள்ளி முடியக்கூட எட்டாது. முறித்தவன் ஒரு போலீஸ்காரன். அவனுடைய லத்திக்கு முன்னால் வீரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தியது தம்பி அடித்த தப்பின் சத்தம்.

அன்றைக்குப் போலீசோடு வந்த இன்ஸ்பெக்டர் இப்போது மறுபடியும் சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை காலையில் வருவார். எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் பதிகிறார்கள் என்று சொல்லி, பழனியாண்டி தப்படித்து ஆட்களை வெளியே அழைக்க வேண்டும். அழைத்தால் அவருடைய குடிசையை மட்டும் இடிக்காமல் விட்டுவிடுவார்கள், வாட்ச்மேன் வேலையும் உண்டு. அழைக்காவிட்டால் முதலில் இடிவது அவர் குடிசை. காலனி முழுவதற்கும் இது தெரியும். தெரிந்தும் அவர் தப்பு கட்டிக்கொண்டிருந்தார்.

பழனியாண்டி பிறந்தது இலங்கையில், பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய அப்பா, காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடித்தவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் தப்புச் சத்தம் கேட்டால் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் அத்தனை பேரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு ஒரு பக்கம், ஆண்கள் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு ஒரு பக்கம். வெறுங்கையோடு வந்தவரைத் துரை திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. அப்பாவுக்குப் பிறகு மகன் அடித்தார். எதற்காக அடிக்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடிக்கச் சொன்னார்கள், அடித்தார்.

எழுபத்தேழு கலவரத்தில் சிங்களக் கும்பல் அந்த லயத்துக்குத் தீ வைத்தது. ஆர்மி ஜீப் ஒன்று வந்து நின்றது. காப்பாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் ஜீப்பை நோக்கி ஓடினார்கள். ஜீப்பில் இருந்தவர்கள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு லயம் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இந்தியாக்காரர்கள், இந்தியாவுக்குப் போங்கள் என்றார்கள். கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்தால், இங்கே அவர்களுடைய பெயர் சிலோன்காரர்கள். கையில் இருந்த பாஸ்போர்ட் இந்தியக் குடிமக்கள் என்று சொன்னது. அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

தேவாலாவுக்கு மேலே, பாதி காடாகிப்போன எஸ்டேட் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். எஸ்டேட் முதலாளி நிலம் தன்னுடையது என்றார். கூடலூர் வக்கீல் மோசஸ் வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் பஜாரில் ஆறுக்குட்டியின் டீக்கடையில் அதுதான் பேச்சு.

"ஏனுங்க, கோர்ட்டே தடை போட்டுருச்சு. இனி போலீசு வருமுங்களா?" என்று ஆறுக்குட்டி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"வந்தாத்தான் என்னா?" என்றார் பழனியாண்டி. "அங்க வந்தவன் சிங்கள ஆர்மி. நம்ம பாஷ தெரியாது. இங்க வர்றவன் நம்ம புள்ளைங்க. அம்மான்னு கத்துனா அவனுக்குப் புரியும்ல? எப்பிடி அடிப்பான்?"

கூட வந்திருந்த வீரம்மா சிரித்தார். "புரிஞ்சிக்கிட்டே அடிப்பான்டா."

"மேல இருக்கிறவன் அநியாயமாச் சொன்னா இவன் கேட்டுருவானா? இவனுக்கும் அக்கா தங்கச்சி இருக்கும்ல?"

"இருக்கும். அதுகளுக்குச் சோறு போடத்தான் சொன்னதக் கேப்பான்."

"நீ போக்கா. ஒனக்கு எல்லாம் கருப்பாத்தான் தெரியும்."

"அடுப்பூதுன கண்ணு. எது கருப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பழனியாண்டியும் சிரித்தார்.

சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, இங்கே தப்படிப்பவர் யார் என்று கேட்டார். பழனியாண்டி போய் நின்றார்.

"ஆளுங்களக் கூப்பிடு. பேசணும்."

ஆட்களைக் கூப்பிட அவருக்குத் தெரிந்தது ஒரே அடி. பெரட்டு அடி. அதை அடித்தார்.

இந்த மண்ணில் அவர்கள் கேட்டிராத சத்தம் அது. எஸ்டேட்டில் வேலை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் அவசர அவசரமாகப் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆண்கள் கூரையில் சொருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் சொல்லாமலே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் வரிசை பிடித்து நின்றார்கள். முன்வரிசையில் வீரம்மா நின்றார். பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டது பேரை அல்ல. குடிசைகளை இடிக்கப் போவதாகவும், ஓடிவிடும்படியும் சொன்னார்.

"கோர்ட்டுல தடை இருக்குங்க ஐயா," என்று வீரம்மா வரிசையிலிருந்தே சொன்னார்.

"கோர்ட்டு கூடலூர்ல இருக்கு. இங்க நான்தான் இருக்கேன்." அவர் போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பினார். "கத்தியோட திரண்டு நிக்கிறானுங்க, பாத்தீங்கல்ல? அடிங்கடா."

சின்னராஜ் என்ற போலீஸ்காரர் மட்டும் தன் லத்தியை எல்லோருக்கும் தெரியும்படி தரையில் வைத்தார். "தடை இருக்குதுங்களே ஐயா. நான் அடிக்க மாட்டனுங்க," என்றார்.

மற்றவர்கள் அடித்தார்கள்.

தமிழ் பேசும் வீடுகளில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள்தான். அம்மா என்று கத்தியது அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துகொண்டே அடித்தார்கள். ஓடினவர்களையும் அடித்தார்கள், ஓடத் தெரியாமல் வரிசையிலேயே நின்றவர்களையும் அடித்தார்கள். கூடையோடு விழுந்த பெண்களைக் கூடையோடு சேர்த்து அடித்தார்கள். வீரம்மா முகத்துக்கு முன்னால் கையை உயர்த்தினார்; கை முறிந்தது. பழனியாண்டியின் தப்பை ஒரு பூட்ஸ் கால் மிதித்துக் கிழித்தது. மழை வலுத்ததால் பாதிக் குடிசைகளை இடித்ததோடு வேன் கிளம்பிப் போனது.

சிலோன் ஆட்கள் தப்படித்துக் கூட்டம் சேர்த்து, கத்திகளோடு போலீசைத் தாக்க வந்தார்கள் என்று வழக்கு எழுதினார்கள். வேலைக்கு என்று நினைத்து வந்து நின்றவர்கள் கலகக்காரர்கள் ஆனார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத ஒரே குற்றத்துக்காகச் சின்னராஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடித்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பழனியாண்டி கூடலூர் பஸ் ஸ்டாண்டில் சின்னராஜைப் பார்த்தார். பக்கத்து மிளகு மண்டி ஒன்றில் சின்னராஜ் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தோளில் சாக்குத் தூசி. இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பழனியாண்டிக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "ஒங்க கூட்டாளிங்க எல்லாம் மனுசனுங்களா தம்பி? கோர்ட்டுத் தடைன்னு காதால கேட்டுட்டு எப்பிடி அடிச்சானுங்க?"

"கேட்டுப் பாத்தனுங்க. அடிக்கச் சொன்னாங்க, அடிச்சோம்னாங்க. ஒருத்தன் மெதுவாத்தான் அடிச்சேன்னு சொல்றானுங்க. என் பக்கத்துல நின்னவன் என்னையத் திட்டறான். லத்தி ஒடஞ்சு போச்சு, கால் சுளுக்கிருச்சுன்னு எதையாவது சொல்லிட்டு ஒதுங்கியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும், பைத்தியக்காரான்னு."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாமுங்க. ஆனா லத்தி ஒடயலீங்களே. ஒடஞ்சதுன்னு சொன்னா, நல்ல லத்தி இருந்தா அடிச்சிருப்பேன்னு ஆயிருமுங்க." சின்னராஜ் தோளைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, நீங்க எதுக்குங்க தப்பு அடிச்சீங்க?"

"இன்ஸ்பெக்டர் ஐயா அடிக்கச் சொன்னாரு, அதான்..."

பழனியாண்டி குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் போலீஸ்காரர்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபம் இப்போது அவருடைய மடியில் கிடந்த இரண்டு கைகள் மேலும் விழுந்தது. அப்பா காலத்திலிருந்து யார் சொன்னாலும் அடித்த கைகள்.

திங்கட்கிழமைக்கான சேதி வந்தபோது அவர் இன்ஸ்பெக்டரின் ஆளிடம் மறுபேச்சுப் பேசவில்லை. "தப்பு கிழிஞ்சி கெடக்கு. புதுசு செய்யணும்," என்றார். "செஞ்சு வை," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

காலனியில் ஒருவரும் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் முத்துவேல் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாட்ச்மேன் ஐயா வர்றாரு, வழி விடுங்க," என்றான். பழனியாண்டி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, தோலுக்குத் தண்ணீர் தெளித்தார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு வார் சரியாக உட்காரவில்லை என்று, கட்டி முடித்ததைப் பிரித்து மறுபடி கட்டினார்.

"இதுக்கு இவ்வளவு சுத்தமா?" என்றார் வீரம்மா. அவருடைய குரலில் கோபத்தைவிட வெறுப்புதான் இருந்தது. "எங்களக் கூப்பிட்டு அடி வாங்க வைக்க ஓட்டத் தகரம் போதாதா? அந்தச் சத்தம் கேட்டா எங்க காலு தானா எந்திரிச்சி வரும்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா. நீ திங்கக்கெழம வாசல்ல நில்லு."

"எதுக்கு? பாக்கவா?"

"ஆமா. பாக்கத்தான்."

திங்கட்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. வேன் வந்தது. போலீஸ்காரர்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். தடை அப்போதும் அப்படியே இருந்தது. அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கூரையை இழுத்து, உயிர் ஏதாவது போய்விட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இன்ஸ்பெக்டருக்குத் தப்பு வேண்டியிருந்தது. ஜனங்கள் தாங்களாகவே வெளியே வர வேண்டும். கத்தியோடு வந்தால் இன்னும் நல்லது.

பழனியாண்டி குடிசை வாசலில் காய்ந்த புல்லைக் கொளுத்தித் தப்பைக் காட்டினார். திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் சூடேற்றினார். ஒரு விரலால் ஓரத்தில் சுண்டிப் பார்த்தார். சுத்தமான சத்தம். அந்தச் சின்னச் சத்தத்துக்கே பக்கத்துக் குடிசையில் யாரோ எழுந்து நிற்பது கேட்டது. அவர் உடனே தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். தப்பை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். வீரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், அடி."

பழனியாண்டி தப்பை நீட்டினார். அதன் மேல் இரண்டு குச்சிகளும் இருந்தன.

"என்னய்யா இது?"

"நீங்க சொன்னதுங்க ஐயா. செஞ்சிட்டேன். எங்க தட்டுனாலும் ஒரே சத்தம்."

"எங்கிட்ட எதுக்கு நீட்டுற? நீ அடி."

"அடிக்க மாட்டேங்க."

"ஏன், கையில என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல." பழனியாண்டி உரக்கப் பேசினார். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் இருந்த வரிசைக்கும் அது கேட்க வேண்டும். "தோல் கிழிஞ்சி கெடக்குன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். மழையில நமுத்துப் போச்சின்னு சொல்லியிருக்கலாம். தோல் இல்லாததுனாலதான் இவன் அடிக்கலன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் செஞ்சேன். தோல் இருக்கு. கையும் இருக்கு. நான் அடிக்க மாட்டேன்."

"வீடு போயிரும்டா."

"தெரியும்."

இன்ஸ்பெக்டரின் கைகள் இடுப்பு பெல்ட்டிலேயே இருந்தன. வரிசையில் நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் வீரம்மாவின் கோணல் கையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். குடிசைகளில் ஒரு கதவும் திறக்கவில்லை.

பழனியாண்டி தப்பை இன்ஸ்பெக்டரின் நெஞ்சில் வைத்து அழுத்தினார். கீழே விழுந்துவிடாமல் பிடிக்க அவருடைய கைகள் தாமாக உயர்ந்தன. அவர் பிடித்துக்கொண்டதும், பழனியாண்டி தன் கைகளை எடுத்துக்கொண்டார்.