அந்த வளைவில் நின்றுபோன கார்

கொரோனா ஓய்ந்த அடுத்த வருடம் இது நடந்தது. ராஜபாளையத்திலிருந்து நானும் அம்மாவும் வெள்ளிதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போவோம். தம்பி வைத்திருந்த பழைய பெட்ரோல் காரை, அவன் போன பிறகு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு வளைவு. அங்கேதான் அவன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான்.

அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தாலே கார் நின்றுவிடும். உடம்பை உதறி, பெருமூச்சு விட்டதுபோல அடங்கும். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். எனக்குப் பயமாக இருக்கும். அம்மாவுக்குப் பயமே இல்லை. கண்ணாடியை இறக்கி, வெறும் ரோட்டைப் பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்பார். பிறகு என்னிடம், "அவந்தான் நிப்பாட்டுதான்ட்டி. அவசரப்படாத" என்பார்.

ஒருநாள் அப்படி நின்றபோது பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாக ஒதுங்கிப் போனது. மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

மெக்கானிக் ஒரு வால்வைக் காட்டினார். புகையில் கொஞ்சத்தைத் திரும்பவும் இன்ஜினுக்குள் அனுப்புவதாம். இன்ஜின் உறிஞ்சும் இழுப்பில்தான் அது திறக்குமாம். அதன் ரப்பர் குழாயைக் கழற்றி, காற்றை உறிஞ்சும் கைப்பம்பை மாட்டி இழுத்தார். திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. "வால்வு நல்லாத்தான்க்கா இருக்கு" என்றார். அப்படியானால் அவன்தானா என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சூடாக்கிப் பாப்போம்" என்று நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு வந்தார். இன்ஜின் ஓடும்போதே மறுபடி பம்பை இழுத்து, பிறகு விட்டார். இந்தமுறை வால்வு மூடவில்லை. கார் உதறியது. அதே பெருமூச்சு.

ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "வந்துட்டான்" என்றார்.

மெக்கானிக்கின் கை பம்பிலேயே நின்றது. பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நேர் ரோட்டுல ஒரே வேகத்துல வரயில இது தொறந்துக்கிடுது. நீங்க சொன்ன வளைவுல மெதுவாக்குதீங்க, அப்ப மூடணும். மூடலன்னா புகை உள்ள போயி இன்ஜின் நின்னுரும். உள்ள கரி அடைச்சுக் கெடக்கு, சூட்டுல மாட்டிக்கிடுது. செத்த நேரம் ஆறுனா தானா மூடிக்கிடும். மாத்திரவாக்கா?"

அம்மா என்னையே பார்த்தார். எனக்கு அந்த லாரிதான் கண்ணில் வந்தது. "மாத்திருங்க" என்றேன்.

அடுத்த வெள்ளி அந்த வளைவைக் கார் சத்தமில்லாமல் கடந்தது. அம்மா கண்ணாடியை இறக்கத்தான் போனார். கை பாதியில் நின்றது.

"போயிட்டானாட்டி?"

ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அம்மா நெடுநேரம் வெளியே பார்த்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

இப்போதும் போய்வருகிறோம், கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. காரணம் அத்தனையும் தெரிந்த பிறகும், அந்த இடம் வந்ததும் என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அது பயத்தினாலா, அவனைத் தேடியா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.