சீலிங் கறையும் மாடி டைப்பிஸ்ட்டும்

என் அண்ணி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்கள் கண்ணில் பட மாட்டார்கள். கறைதான் படும். கல்யாணமாகி வந்த மறுநாளே அடுப்புக்குப் பின்னாலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து இழுத்துச் செருகிய முந்தானையை இன்றுவரை இறக்கவில்லை என்பான் அண்ணன். அவர்களோடுதான் நானும் இருக்கிறேன், அதனால் எனக்கும் தெரியும்.

வேலையும் அதற்கேற்ற மாதிரி. சலவைக் கடையில் கறை எடுக்கிற மேசை அவருடையது. காலர் அழுக்கு, மை, காபி எதுவானாலும் அவர் கைக்கு வந்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். "தேய்க்காதீங்க, ஊற விடுங்க" என்பதுதான் ஊருக்கெல்லாம் அவர் சொல்லும் புத்திமதி. குழாயில் உப்பு படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அலமாரிக்குப் பின்னால் கை போகாத இடங்களுக்கென்று ஒரு நீளக் குச்சி வைத்திருந்தார். ஒரு முனையில் பழைய டூத் பிரஷ், மறுமுனையில் வளைத்த கம்பி. அது மூக்கை நுழைக்காத இடமே கிடையாது என்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் சின்ன மாமியார்.

அவரிடம் மசியாத கறை ஒன்றே ஒன்று. எங்கள் குளியலறை சீலிங்கில் பழுப்பாக ஒரு திட்டு. மாடியில் தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் பெரியவர் குளிக்கும்போதெல்லாம் அது ஈரமாகும். "என் வீட்டுக் குழாய் நல்லாத்தான் இருக்கு" என்பார் அவர். அண்ணி விடுகிற ஆளா? ஸ்டூலில் ஏறிக் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கறை கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு. சாட்சியாம். ஒருநாள் டைப்பிஸ்ட்டை அழைத்து வந்து காட்டவும் செய்தார். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா வரையறீங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. படியில் எதிரே வந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, கடை அரை நாள்தான். மதியம் அண்ணி வீட்டுக்கு வந்து கை கழுவப் போனார். நானும் அப்போதுதான் வந்திருந்தேன். டைப்பிஸ்ட் விடிந்ததும் குளித்துவிடுகிறவர். மதியத்துக்குள் கறை எப்போதும் காய்ந்துவிடும். அன்றைக்கு சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரம் கடைசிக் கோட்டைத் தாண்டி விளக்கு வரை வந்திருந்தது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். வாங்க தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

தட்டினோம். பதில் இல்லை. வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணியின் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது.

"இவ்ளோ நேரம் யாரும் குளிக்க மாட்டாங்க தம்பி. கீழ போய் அந்தக் குச்சிய எடுத்துட்டு வாங்க."

கதவையொட்டி இருந்த ஜன்னல் கம்பிக்குள் குச்சியை விட்டு, வளைந்த முனையால் தாழ்ப்பாளைத் துழாவினார். தாழ்ப்பாள் நகர்ந்தது.

குளியலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. டைப்பிஸ்ட் தரையில் கிடந்தார். அன்றைக்கு நாங்களெல்லாம் கிளம்பிய பிறகு தாமதமாகக் குளிக்கப் போனவர், பாசியும் சோப்பும் படிந்த தரையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. குழாய் கைக்கு எட்டவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் அவர் கேட்டது, "ஒழுகுதாம்மா?"

"ஒழுகிட்டுப் போகுது சார்" என்ற அண்ணி, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் குழாயை மூடிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். இடுப்பு எலும்பு முறிவுதான், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாடிக் குளியலறையை அண்ணி ஒரு கை பார்த்தார். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டார். கம்மோடுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்து, டைல்ஸ் இடுக்குகளைத் தேய்த்தார். பிளம்பர் பைப்பை மாற்றினார். எங்கள் சீலிங்குக்கு அண்ணன் வெள்ளையடித்தான். கறை போய்விட்டது, இனி நிம்மதி என்றுதான் நினைத்தோம். டைப்பிஸ்ட் திரும்பி வந்த பிறகு அண்ணிக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்துவிட்டது. காலையில் மாடியில் வாளி நகரும் சத்தம் கேட்காமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார்.

போன வாரம் ஒருநாள் சத்தம் வரவில்லை. தலை வாரிக்கொண்டிருந்த அண்ணி சீப்போடு மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நானும். அவர் தட்டின தட்டில் கதவு ஆடியது. டைப்பிஸ்ட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து திறந்தார்.

"என்னம்மா? லேசா சளி பிடிச்சிருக்கு. இன்னிக்குக் குளிக்கல."

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியபடி கையிலிருந்த சீப்பை அவரை நோக்கி நீட்டினார்.

"குளிக்கலன்னா, அத ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குளிக்காம இருங்க சார்."