பாட்டு டீச்சரும் மூன்று சாஃப்ட்வேர்களும்

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். பாட்டு டீச்சர் என்றால் பாட்டு மட்டும் சொல்லித் தருபவள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காலைப் பிரேயருக்கு மைக்கைத் தட்டிப் பார்ப்பது, கணக்கு டீச்சர் வராத அன்று ஏழாம் வகுப்பைச் சத்தமில்லாமல் உட்கார வைப்பது, விழாவுக்கு வருபவர்கள் மேல் பன்னீர் தெளிப்பது எல்லாம் அதில் அடக்கம். போன வருஷம் இவற்றோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது.

அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளி தனக்கென்று சொந்தமாக ஒரு பாட்டு வைத்திருப்பதாக எங்கள் பிரின்ஸ்பால் மேடத்தின் காதில் விழுந்துவிட்டது. அன்று முதல் அவருக்கு நிம்மதி இல்லை. ஆண்டு விழாவுக்கு நமக்கும் ஒன்று வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பாட்டையும் அவரே எழுதி வைத்திருந்தார். பள்ளியில் என்னென்ன வசதி உண்டோ அத்தனையும் அதில் இருந்தது. ஆய்வுக்கூடம், வேன், கண்காணிப்புக் கேமரா. மூன்றாவது சரணத்தில் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் வந்தது. அந்தச் சொல்லை எந்த ராகத்திலும் உட்கார வைக்க முடியவில்லை. கடைசியில் மோகனத்தில் இரண்டாக உடைத்து, நடுவில் பிள்ளைகள் மூச்சு வாங்க இடம் விட்டுச் சமாளித்தேன்.

திருச்சியில் ஸ்டுடியோ இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம் என்றேன். வேனை அவ்வளவு தூரம் விட முடியாது என்றுவிட்டார்.

“கம்ப்யூட்டர்லயே எல்லா வாத்தியமும் வந்துடுதாமே டீச்சர். நீங்களே போட்டுருங்க” என்றார், ஏதோ குக்கரில் சாதம் வைக்கச் சொல்வதுபோல.

என்னிடம் இருந்தவை ஒரு ஆர்மோனியம், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு பழைய லேப்டாப். இசையமைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று வீடியோக்களில் தேடினேன். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய ஆண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் தலைமேல் வைத்துக் கொண்டாடியதை அடுத்தவர் கேலி செய்தார். கடைசியில் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னது, உங்கள் பாணிக்கு எது ஒத்து வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. எனக்கு என்ன பாணி? பிரேயர் பாணிதான். அதற்கு எந்த சாஃப்ட்வேர் ஒத்து வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஏற்றினேன். கூடவே வந்த வாத்தியங்கள் நாலைந்துதான். அதில் இருந்த பியானோவில் மெட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்தார். அவர் பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

“நீ அடுப்படியிலதான் இருக்கேன்னு நெனச்சேன். பாத்திரம் வெளக்குற சத்தம் கேட்டுச்சு” என்றார். கேலி பண்ணவில்லை. நிஜமாகவே அடுப்படியில் போய் என்னைத் தேடிவிட்டுத்தான் வந்திருந்தார்.

இரண்டாவது சாஃப்ட்வேர் பார்க்கவே கண்ணுக்கு அழகாக இருந்தது. கலர் கலராகக் கட்டங்கள். தட்டினால் தாளம் தானாக ஓடியது. வாத்தியங்களை நாடு வாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆசையோடு இந்தியாவைத் திறந்தேன். சிதார் இருந்தது, தபலா இருந்தது, மந்திர மாலை என்று பொருள் வரும் பெயரில் ஏதோ ஒன்று இருந்தது. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, மிருதங்கம்கூட இல்லை. சரி, மந்திர மாலையையாவது பார்ப்போம் என்று அழுத்தினேன். மகுடி ஊதியது. ஊதி முடித்ததும் ஓர் ஆண் குரல் “ஹே” என்று அதட்டியது. எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, பாம்பு யார் வீட்டில் புகுந்தது என்று விசாரித்தார்.

ஆனாலும் அந்தச் சாஃப்ட்வேர் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சிக்கல். காசு கட்டாமல் டிரையலில் இருக்கும்வரை போட்ட பாட்டைச் சேமிக்கலாம், மறுபடி திறக்க முடியாது. மூடினால் போச்சு. ஆகவே மூடாமலே வைத்திருப்பது என்று முடிவு செய்தேன். ஹாலில் ஸ்டூல்மேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது. பள்ளிக்குப் போகும்போதும் அப்படியே இருக்கும். வந்ததும் ஒரு வரி சேர்ப்பேன், காபி குடித்துவிட்டு இன்னொரு வரி. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் விளக்குமாற்றைக் கொண்டுபோகவில்லை. கைக்குழந்தை தூங்கும் வீடு மாதிரி நடந்துகொண்டோம். ஒரு வாரத்தில் இரண்டு சரணம் முடிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப் அது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே மூச்சு நின்றுவிடும். அந்த ஒயரைச் செருகியிருந்த பிளக் ஓட்டையில் பஸ் டிக்கெட் மெஷின் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

“மெஷின்ல சார்ஜ் இல்லேன்னா சாயங்கால டிரிப்புக்கு டிக்கெட்ட கையால எழுதணும். அதான்...” என்று இழுத்தார். பிறகு, “ரெண்டு சரணந்தானே” என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று இரவு தோசைக்குச் சட்னி அரைக்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாவது சாஃப்ட்வேரைப் பள்ளியின் கம்ப்யூட்டர் சார் சொன்னார். பெரிய சாஃப்ட்வேர், அதனோடு வரும் வாத்தியங்கள் என் போன் டேட்டாவில் இறங்குகிற அளவில்லை. பள்ளி இன்டர்நெட்டில் இறக்கினேன். அது இறங்கி முடிகிறவரை ஆபீஸில் ஃபீஸ் ரசீது வரவில்லை என்று சத்தமாக இருந்தது. நான் நெட்டைத்தான் குறை சொன்னேன்.

வீட்டில் வந்து திறந்து, வயலின் கூட்டம் என்று இருந்ததை எடுத்து ஒரு சுரத்தை அழுத்தினேன். கையை எடுக்க மனம் வரவில்லை. வில் கம்பியில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. எங்கள் ஹாலில், துணிக்கொடிக்குக் கீழே, ஒரு கூட்டமே உட்கார்ந்து இழுப்பதுபோல இருந்தது. நான் இசை படித்த காலத்தில் ஒரே ஒரு வயலினோடு பாடக் கிடைத்ததே பெரிய விஷயம். கொஞ்ச நேரம் பாட்டு எதுவும் போடாமல் அந்த ஒரு சுரத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதிலும் நாதஸ்வரம் இல்லை. ஓபோ என்று ஒரு மேல்நாட்டுக் குழல் இருந்தது. அதன் சுரத்தை வளைத்து, இழுத்து, கொஞ்சம் குலுக்கி, தூரத்தில் ஊர்வலம் போகிற நாயனம்போல ஆக்கினேன். தவிலுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் என் வீட்டுக்காரரின் கை ஞாபகம் வந்தது. பஸ்ஸின் பக்கத்தகட்டைத் தட்டித்தட்டி அவர் கைக்கு ஒரு கணக்கு உண்டு. பீரோவைத் தட்டச் சொல்லிப் போனில் பதிந்தேன். அதைச் சாஃப்ட்வேருக்குள் போட்டு, சுருதியைக் கீழே இறக்கினால் கும்மென்று வந்தது. சட்னி விவகாரம் அத்தோடு முடிந்தது. விழாவில் தாளம் என்று தன் பெயரைச் சொல்வார்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

இந்த டிரையலிலும் ஒரு குறும்பு வைத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கும்வரை, பாட்டின் நடுநடுவே உஸ்ஸ் என்று ஓர் இரைச்சலைக் கலந்துவிடும். பெரிய ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பென்டிரைவில் போட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏறும் முன் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு காதுகுத்து. அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். வண்டி நிறைய ஆள். பேரளி தாண்டியதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினார். தன் தாளத்தை ஊர் கேட்க வேண்டும் என்ற ஆசை, வேறென்ன. வயலின்கள் எழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது உஸ்ஸ் என்று வந்தது.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்னொரு தடவை உஸ்ஸ். அவர் வண்டியை அப்படியே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, “ஏர் எறங்குதுடா, பாரு” என்றார். என் வீட்டுக்காரரும் பதறிப்போய்க் குதித்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். ஆண்கள் பாதிப் பேர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டயரில் காதை வைத்துக் கேட்டார். சிமென்ட் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சுத்திகரிக்கப்பட்ட குடிநீரின் மெட்டு நெடுஞ்சாலை முழுக்க ஒலித்தது.

மறுபடி உஸ்ஸ் வந்தபோது, “சத்தம் உள்ள இருந்துல்ல வருது” என்று சன்னலோரத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். நான் இறங்கிப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து என் வீட்டுக்காரரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே கொஞ்ச நேரம் அடியிலேயே இருந்தார். பிறகு வெளியே வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “அண்ணே, வண்டில ஒண்ணுமில்ல. காத்து பாட்டுலதான் போவுது” என்றார்.

டிரைவர் அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். “பாட்டு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அந்த ஏர் சத்தத்த மட்டும் எடுத்துரு. நெஞ்சு நின்னுபோச்சு” என்றார். அதற்குள் பின்னால் வர வேண்டிய வண்டி ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போய், அடுத்தடுத்த ஸ்டாப்பில் நின்றவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டது.

வண்டி கிளம்பியதும் பஸ்ஸில் எல்லோரும் விமர்சகர்கள் ஆனார்கள். நாயனம் நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். தாளத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாததில் என் வீட்டுக்காரருக்கு வருத்தம். என் பக்கத்தில் முந்திரிப் பையை மடியில் வைத்திருந்த உடையார்பாளையத்து அம்மா, இது என்ன பாட்டு என்று கேட்டார். பள்ளிக்கூடப் பாட்டு என்றேன்.

“நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன். அந்த வயலினு அப்படி அழுவுது. புள்ளைங்க பாட்டுதானே, கொஞ்சம் சிரிச்ச மாரி வைம்மா” என்றார்.

அவர் சொன்னது சரி. வில் இழுப்பில் மயங்கி, பள்ளி வேனைப் பற்றிய வரிக்குக்கூட ஒப்பாரி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பல்லவியில் வில்லை எடுத்துவிட்டு, கம்பியை விரலால் சுண்டுகிற வயலின்களைப் போட்டேன். பாட்டு துள்ளியது.

அந்த மூன்றாவதையே வாங்குவது என்று முடிவானது. அதிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வகை வைத்திருந்தார்கள். சின்னதில் வயலின் உண்டு, ஓபோ கிடையாது. ஓபோ இல்லாவிட்டால் நாயனம் இல்லை. நடுத்தரத்தை வாங்கினேன். ஒரு குழலுக்காக இவ்வளவா, நாயனக்காரரையே கூப்பிட்டிருக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான்.

ஆண்டு விழாவில் பாட்டு நன்றாக அமைந்தது. பிள்ளைகள் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சரியாக வாங்கினார்கள். பிரின்ஸ்பால் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாளம் என்று என் வீட்டுக்காரர் பெயரையும் மைக்கில் வாசித்தார்கள். அப்போது அவர் டிரிப்பில் இருந்தார்.

விழா முடிந்ததும் பள்ளித் தாளாளர் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். தன் மகளுக்கு வளைகாப்பு வருகிறது என்றும், பாட்டில் வாசித்த வயலின்காரர்களை அதற்கு அழைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பவர்கள் என்றேன். சரி, அதிலிருந்தே நம்பரை எடுத்துக் கொடுங்கள் என்றார். ஆட்களே கிடையாது ஐயா, சத்தம் மட்டும்தான் என்று விளக்கினேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“கமிஷன் ஏதும் போயிடுமேன்னு பாக்காதீங்க டீச்சர். ஒங்களுக்கும் செஞ்சுடறேன்” என்றார்.

அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் ஐயா என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அவர் ஏமாற்றத்தோடு தலையாட்டிவிட்டு, நாயனம் வாசித்தவராவது பக்கத்து ஊர்க்காரராக இருப்பாரே என்று கேட்டார்.