மூணு குழாய் சீறிச்சு, நாலாவது சீறல

பக்கத்து வீட்டுக்காரி மருமவ கோவிச்சுட்டு அம்மை வீட்டுக்குப் போனா நமக்கென்னட்டி ரமணி, மீன் கொழம்பு ஞாபகம் வந்தா தானா திரும்பி வருவா, அந்தப் பேச்ச விடு. நீ எனக்க மவன் குமாரு கார் எப்படிச் செரியாச்சுன்னு கேட்டியே, அதச் சொல்லுதேன். ஆனா சிரிக்கப்பிடாது. சிரிச்சேன்னா காப்பிய பாதியிலயே பிடுங்கிருவேன், கேட்டியா.

முதல்ல ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எனக்குப் பேயி பிசாசு எதுலயும் நம்பிக்கை கிடையாது. கட்டட வேலைக்குப் போன காலத்துல, சுடுகாட்டு மதில ஒட்டி ஒரு மாடி வீடு கட்டினாங்க, ஜன்னல் கதவு ஒண்ணும் மாட்டல, சிமெண்டு களவு போவாம இருக்க ஒத்தையில காவல் படுத்தவ நான். ஒரு மாசம் படுத்தேன். வந்தது கொசு மட்டும்தான். அதனால நான் சொல்லுறத, பயந்தாங்கொள்ளி கெழவி பேச்சுன்னு நெனைக்காத.

எனக்க தங்கச்சி செல்லம் மலை மேல போனக்காடு தேயிலை எஸ்டேட்டுல இருக்கான்னு ஒனக்குத் தெரியும்லா? அவ மாப்பிள செத்தப்போ நான் போவல. மழையில மண்ணு சரிஞ்சு பஸ்ஸே ஓடல, நான் எப்படிப் போவேன், பறந்தா? ஆனா அவ, "வர மனசில்லாதவளுக்குப் பஸ் ஒரு சாக்கு"ன்னு சொல்லி எட்டு வருஷம் மொகங்குடுத்துப் பேசல பாத்துக்கோ. நான் போன் பண்ணினா எடுக்கமாட்டா. அப்படிப்பட்டவ இந்தத் தடவ அவளே கூப்பிட்டா. மவளுக்கு வளைகாப்பு, ஞாயித்துக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள. "மொத வளையல் நீதான் போடணும். இந்தத் தடவையும் பஸ் இல்லன்னு சொன்னேன்னா எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்" அப்படின்னா. எனக்கு அழுகையா வந்துச்சு. நாந்தான் அழமாட்டேனே, வெங்காயம் வெட்டிக்கிட்டிருந்தேன், அதுல போச்சு.

ஞாயித்துக்கிழம அங்க பஸ் கிடையாது, போவணும்னா நம்ம கார்தான். அந்தக் காரு என்னடான்னா அந்த வாரம் பாத்துத் தகராறு. ஸ்டார்ட் ஆவும், ஆனா குளிர்காய்ச்சக்காரி மாதிரி வெறவெறன்னு ஆடும். டப் டப் டப்னு மூணு சத்தம் கேக்கும், நாலாவது காணாது. ஏத்தத்துல மிதிச்சா குலுங்கிக் குலுங்கி நின்னுரும். குமாரு, "மிஸ்ஸிங் அடிக்குதும்மா, இத வச்சு மலை ஏற முடியாது"ன்னான். அவன் ஓட்டல்ல பரோட்டா போடுறவன், வண்டி வேலை எல்லாம் போன்ல பாத்துப் படிச்சதுதான். மூணு நாளா மூடியத் தொறந்து வச்சு பிளக்க மாத்தினான், எதையோ ஊதினான், எதையோ தொடச்சான், எஞ்சினுக்குப் பக்கத்துல புகை போற நாலு குழாய மூடியிருந்த தகரத்தையும் கழட்டிப் போட்டான். ஒண்ணும் கதையாவல.

ஞாயித்துக்கிழம வெளுப்பு வரைக்கும் நல்ல மழை, அப்புறந்தான் விட்டுச்சு. நான் அடுக்களையில எலுமிச்சஞ்சாதம் கிண்டிக்கிட்டிருக்கேன். "இப்ப வாறேம்மா"ன்னு சொல்லிட்டு குமாரு ஆட்டோவுல ஏறி ஜங்ஷனுக்குப் போயிட்டான். என்னத்துக்குப் போனான்னு நான் கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு வாசல்ல காரு ஓடுற சத்தம். அதே டப் டப் டப், அப்புறம் ஒண்ணுமில்ல. வந்துட்டான்னு நெனச்சு, "லே, சட்டைய மாத்து, நேரமாச்சு"ன்னு சொல்லிக்கிட்டே வெளிய வந்தேன்.

ஒருத்தரும் இல்லட்டி ரமணி. எனக்க கண்ணாணை. மூடி தொறந்து கெடக்கு, எஞ்சின் ஆடுது, சீட்டு காலி. குனிஞ்சு வண்டிக்கடியில பாத்தேன், அங்கயும் இல்ல. கதவ இழுத்தேன், பூட்டிக் கெடக்கு.

ஓடிரலாமான்னு கால் சொல்லிச்சு. ஆனா எனக்குப் பயத்த விடக் கோவந்தான் வந்துச்சு, நம்பினா நம்பு. எட்டு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டவகிட்டப் போவ விடாம மறிக்கது நீதானாடி மூதேவின்னு கத்திட்டு, அடுக்களைக்கு ஓடி ஒரு செம்புல மஞ்சளக் கலக்கி, வேப்பிலைய ஒடிச்சுப் போட்டுக் கொண்டாந்தேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு மஞ்சத்தண்ணி எதுக்குன்னு கேப்ப. கேக்காத.

வாயில வர்ற சாமி பேரெல்லாம் சொல்லிக்கிட்டு, வேப்பிலைய முக்கி எஞ்சின் மேல அடிச்சேன். மொதக் குழாய்ல பட்டுச்சு, ஸ்ஸ்னு சீறி ஆவி பறந்துச்சு. ரெண்டாவதுல அடிச்சேன், சீறிச்சு. மூணாவதும் சீறிச்சு. நாலாவதுல பட்ட தண்ணி மட்டும் சும்மா அப்படியே நின்னு மெதுவா வடிஞ்சு கீழ விழுந்துச்சு. திரும்பவும் அடிச்சேன். திரும்பவும் அப்படித்தான்.

நாப்பது வருஷமா தோசக்கல்லுல தண்ணி தெளிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? சூடு ஏறாத கல்லுலதான் தண்ணி அப்படி சீறாம நிக்கும். அந்த நிமிஷம் எனக்குப் பயமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, மொகத்தக் கொண்டு கிட்ட வச்சுப் பாத்துட்டு, "ஏ, ஒனக்குப் பேய் மறிப்பும் இல்ல ஒண்ணுமில்ல, நாலு அடுப்புல ஒரு அடுப்பு எரியலட்டி!"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன்.

சொன்னேன் பாரு, வண்டி நின்னுருச்சு. யாரோ காத்துக் கெடந்த மாதிரி, டப்புன்னு.

குமாரு அப்பந்தான் ஆட்டோவுல வந்து எறங்குறான், ரெண்டு கையிலயும் ஒரு கறுப்புப் பெட்டியத் தூக்கிக்கிட்டு. "என்னம்மா இது, மொகமெல்லாம் மஞ்சளு?"ன்னான். எல்லாத்தையும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அம்மா, சும்மா கேலி பண்ணிக் களியாக்காத. இது என்ன தெரியுமா, வண்டிக்க பாட்டரி. கடையில செக் பண்ண நாந்தான கழட்டிக் கொண்டு போனேன். சாவியும் எனக்க பாக்கெட்டுல கெடக்கு. பாட்டரி இல்லாம எந்த வண்டியாவது ஸ்டார்ட் ஆவுமா?"

"அப்ப குழாயத் தொட்டுப் பாருலே"ன்னேன்.

என்னை மட்டந்தட்டணும்னே மொதக் குழாய்ல வெரல வச்சான். அய்யோன்னு அலறிட்டு வாயில வச்சுக்கிட்டான். வெரல் கொப்பளிச்சுப் போச்சு. ராத்திரி முழுக்க மழையில நின்ன வண்டி, எப்படிச் சுடும்? நாலாவது குழாய் மேல மட்டும் மஞ்சத்தண்ணி அப்படியே நிக்கி. அவன் அதப் பாத்தான், என்னப் பாத்தான், சிரிப்பு போயிருச்சு.

ஒடனே பாட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணினான். கையில கட்டியாத் துணியச் சுத்திக்கிட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் போற ஒயர ஒண்ணொண்ணாப் பிடுங்கி மாட்டினான். மொதலாவதப் பிடுங்கினா எஞ்சின் தள்ளாடுது. ரெண்டாவது, மூணாவது, அதுக்கும் தள்ளாடுது. நாலாவதப் பிடுங்கினா ஒரு மாத்தமும் இல்ல, முன்ன ஓடின மாதிரியே ஓடுது. "அம்மா, நீ சொன்னதுதான். இதுல நெருப்பே வரல"ன்னான். அந்த ஒயரத் திருப்பிப் பாத்தா, அடிப்பக்கமா எலி கடிச்சு வச்சிருக்கு. மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. ஓடிப்போய் ஒரு ஒயர் வாங்கி மாட்டினான். பின்ன என்ன, மாவாட்டுற கிரைண்டர் மாதிரி ஒரே சீரான சத்தம்!

மலை ஏறினோம் பாரு, அத்தன வளைவுலயும் ஒரு குலுக்கு இல்ல. ஒரு மணி அடிக்கதுக்கு முன்ன போய் எறங்கிட்டோம். செல்லம் லயன் வீட்டு வாசல்ல இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கா. "பஸ் இல்லன்னு போன் வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்"ன்னா.

"பஸ்ஸு இல்லதான்டி. அதான் கார நானே செரியாக்கிக் கொண்டாந்தேன்"னு சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணாப் பொங்கிருச்சு. "மஞ்சளக் கூடக் கழுவாம வந்திருக்க, மூதேவி"ன்னு சொல்லி என்னைக் கட்டிப் பிடிச்சா. மொத வளையல் நாந்தான் போட்டேன். எனக்க பேத்தி, குமாருக்க மவ, இப்ப என்னை மெக்கானிக் பாட்டின்னுதான் கூப்பிடுறா, குமாரும் வண்டியில சின்ன சத்தம் கேட்டாப் போதும், "அம்மா, கொஞ்சம் தண்ணி தெளி"ங்கான்.

ஆனா ஒண்ணுட்டி. மலை எறங்கி வரும்போது அவன் மெதுவா ஒண்ணு சொன்னான். அன்னைக்குக் காலையில பாட்டரி மாட்டிட்டுக் கதவத் தொறந்து உக்காரப் போனா, முட்டு ரெண்டும் ஸ்டியரிங்குல இடிச்சுதாம். சீட்டு கடைசி வரைக்கும் முன்னாடி இழுத்துக் கெடந்திருக்கு. அவன் எம்புட்டு ஒசரம்னு ஒனக்குத் தெரியும், எங்க வீட்டுல வேற யாருக்கும் வண்டி ஓட்டவும் தெரியாது. நல்ல குட்டையா ஒரு ஆளு ஏறி உக்காந்தாத்தான் அப்படி இழுக்கணும்.

யாரா இருந்தா என்ன, எனக்கு நல்லதுதான செஞ்சுச்சுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். ஆனா அன்னைலருந்து சாவி எனக்க தலையணைக்கடியிலதான் இருக்கு. நேத்து காலையில அவன் கதவத் தொறந்தா, சீட்டு திரும்பவும் முன்னாடி…

அய்யோ, தூறுதுட்டி! மாடியில மொளகா காயப் போட்டிருக்கேன், அந்தச் சாக்க எடு, ஓடு, ஓடு!