மில் பாய்லரில் கொதித்த ஆஸ்பத்திரித் தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில், ஒரு ஐப்பசி மழையில் நடந்தது இது. அப்போது நான் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் அவிக்க நீராவி கொடுப்பது என் பொறுப்பு. பன்னிரண்டு வருஷ அனுபவம். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

புயல் அடித்து ஓய்ந்தபோது ஏரிகள் உடைந்து பழவேற்காடு வரைக்கும் ஒரே வெள்ளம். எங்கள் மில் ரயில் பாதையை ஒட்டிய மேட்டில் இருந்ததால் தப்பித்தது. அங்கிருந்து ஒரு மைல் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன கிறிஸ்தவ ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, மூன்று நர்ஸ்கள், இருபது கட்டில். சுற்றுவட்டக் குப்பத்து ஜனம் முழுக்க அங்கேதான் போய் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மீனவர் படகை மில் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஜனத்துக்கெல்லாம் வாந்திபேதி கண்டுகீதுண்ணா. ஊசிய கொதிக்க வெக்கக்கூட ஆஸ்பத்திரில காஞ்ச கட்டை இல்ல. நீங்கதான் இன்னாவாச்சும் பண்ணி கொதிச்ச தண்ணி குடுக்கணும்" என்றார்.

எங்கள் ஷெட்டில் காய்ந்த உமி மலையாகக் கிடந்தது. முதலாளி மெட்ராஸில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் உத்தரவு இல்லாமல் பாய்லரைப் பற்ற வைக்கக் கூடாது. வந்து திட்டினால் திட்டட்டும் என்று பற்ற வைத்தேன். மூலையில் கிடந்த இரண்டு டிரம்மை அலசி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, நீராவிக் குழாயை உள்ளே விட்டேன். தளதளவென்று கொதித்ததும் மூடி, சூடு ஆறாமல் கோணி சுற்றிப் படகில் ஏற்றி, நானும் கூடவே போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டு வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. வயதில் மூத்த நர்ஸ் ஒருவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் டிரம்மைத் தன் கையாலேயே சாய்த்து வெள்ளத்தில் ஊற்றிவிட்டார். இரண்டாவதையும்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மண்ணெண்ணெய் வாடை அடிக்குது. இதை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலி டிரம்களைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மில்லுக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அரை நாள் உழைப்பை இப்படி ஊற்றிவிட்டார்களே என்று புலம்பினேன். அவள் நேரே போய் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னாய்யா கோச்சிக்கினு வந்துட்ட? நம்ம புள்ளைக்கு இந்தத் தண்ணிய குடுப்பியா நீ?"

கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

உமிச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தும் அந்த வாடை போகவில்லை. டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் மனைவி வீடு வீடாக அண்டா கேட்டுப் போனாள். கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாக்கள் கிடைத்தன. ஒரு வீட்டில் பெரியபாளையத்து அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அண்டா இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று இவள் தயங்கி நிற்க, அந்த வீட்டம்மாவே வெளியே இழுத்துப் போட்டாராம். "அம்மாவோட கூழ குடிச்ச ஜனம்தான அங்க படுத்துகீது? எடுத்துக்கினு போ" என்றாராம்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மறுபடியும் போனேன். அதே நர்ஸ் முகர்ந்து பார்த்தார். ஒரு டம்ளர் மொண்டு, ஆற்றி, முதலில் தானே குடித்தார். "தினமும் வருமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளம் வடிய பதினோரு நாள் ஆனது. தினமும் மூன்று நடை போனோம். ஊசியும் துணிகளும் மில்லுக்கே வந்து நீராவியில் வெந்து திரும்பின, உப்புக் கஞ்சியும் அங்கேயே காய்ச்சினோம். இரண்டு வயதானவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவர்கள் எழுந்து நடந்தார்கள். திரும்பி வந்த முதலாளி காலியான ஷெட்டைப் பார்த்தார். மறுநாள் அவர் சொல்லி வேறொரு மில்லிலிருந்து ஒரு வண்டி உமி வந்து இறங்கியது.

கடைசி நாள் திரும்பும்போது, காலி அண்டாவுக்குப் பக்கத்தில் மெலிந்துபோன ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அந்தப் படகுக்காரரின் மனைவி. முதல் நாளிலிருந்தே அந்த வராந்தாவில்தான் கிடந்திருக்கிறாள். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும்தானண்ணா தண்ணி கேட்டேன்" என்றார், துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு எத்தனையோ மில்களில் வேலை பார்த்துவிட்டேன்; யாராவது என் வேலையில் தப்பு சொன்னால், முகம் சுருங்காமல் கேட்டு, திருத்தி, மறுபடியும் கொண்டுபோய் நிற்கும் தைரியம் அந்தப் பதினோரு நாளில் வந்ததுதான், இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.