மண்டையோடு அல்ல, கிண்ணம்

டென்மார்க்கில் எந்த விருந்துக்குப் போனாலும், கிளாஸை உயர்த்தி "ஸ்கோல்" என்றவுடன் யாராவது ஒருவர் அந்த மண்டையோட்டுக் கதையைத் தொடங்கிவிடுவார். வைக்கிங்குகள் எதிரியின் மண்டையோட்டில் ஊற்றிக் குடித்தார்களாம், சொல் அதிலிருந்து வந்ததாம். சுத்தப் புளுகு. இக்காஸ்ட் நகரில் தையல் ஆலையில் சேர்ந்த வருடம், டிசம்பர் நத்தார் விருந்தில் கேட்டு நானும் வாயைப் பிளந்தேன். பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். ஸ்கோல் என்றால் கிண்ணம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மேசைக்கு ஒரு பெரிய கிண்ணம் இருக்கும். அது கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போகும். இப்போது ஆளுக்கொரு கிளாஸ் வந்துவிட்டாலும் ஒரு வழக்கம் இருக்கிறது. குடிக்க முன்னும் குடித்த பின்னும் மற்றவர்களின் கண்ணைப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பார்த்து நடக்கப் பழக்கப்பட்ட எனக்கு அதுதான் வருடக்கணக்காக வரவில்லை.

போன கோடையில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹோர்சன்ஸைச் சேர்ந்த டெனிஷ்காரர். முதலில் எங்கள் முறைப்படி தாலிகட்டு. என் கணவர் இறந்து ஆறு வருடம். ஆராத்தித் தட்டை நான் தொட்டதும், என் அண்ணை அதை வாங்கி வேறு இரண்டு பெண்களிடம் கொடுத்தார்.

"நீ கொஞ்சம் பின்னுக்கு நில் தங்கச்சி. பிள்ளையின்ரை நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

ஷிப்ட் மாறி மாறி நின்று அவளை வளர்த்தவள் நான். அந்த நல்ல நாளில் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுக்குப் போனேன். அதற்காக இன்றும் எனக்கு என் மேல்தான் கோபம்.

அடுத்த சனிக்கிழமை ஹோர்சன்ஸில் டெனிஷ் முறையில் மத்தியான விருந்து. அங்கே பேச விரும்புகிறவர்கள் விருந்தை நடத்துகிறவரிடம் முதலே பெயர் கொடுக்க வேண்டும். நடத்தியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. பெண் வீட்டுக்காகப் பேச அண்ணை தன் பெயரைக் கொடுத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. முன் மேசையில் எனக்கிருந்த இடத்தையும் கடைசி மேசைக்கு மாற்றியிருந்தார். எனக்குக் கூச்சம் என்று அவர்களிடம் சொன்னாராம்!

சித்தப்பா கிளாஸைத் தூக்கினார். மண்டையோட்டுக் கதை தொடங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து, டெனிஷில் சொன்னேன்.

"மன்னிக்க வேண்டும், அது மண்டையோடு இல்லை. கிண்ணம். மேசையில் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகாத கிண்ணம். நான் பெண்ணின் அம்மா. பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனாலும் பேசப்போகிறேன்."

கிளாஸோடு முன்னுக்கு நடந்தேன். அண்ணை பல்லிடுக்கால், "என்ன விசர் வேலை இது? போய் இரு" என்றார். நான் மகளைப் பார்த்தேன்.

"உன்னைப் பெற்றதும் வளர்த்ததும் நான். என் வாழ்த்து உனக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஸ்கோல்."

கிளாஸில் இருந்தது ஆப்பிள் சாறு. மகளின் கண்ணைப் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் வீட்டாரைப் பார்த்தேன். அண்ணை மட்டும் தன் கிளாஸைத் தொடாமல் குனிந்திருந்தார். அவர் கண்ணைப் பார்க்காமல் நானும் குடிக்கவில்லை. நான் குடிக்காததால் மண்டபத்தில் ஒருவரும் குடிக்கவில்லை. எல்லோருடைய கையும் உயர்ந்தபடியே நின்றது. என் கை உளைந்தது. கடைசியில் அண்ணை தன் கிளாஸைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதன் பிறகுதான் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் அவரைப் பார்த்தேன். மகள் எழுந்துபோய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து தனக்குப் பக்கத்தில் போட்டாள்.

அண்ணை என் காதருகே குனிந்து, "சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியே?" என்றார்.

"கதைக்கட்டும் அண்ணை" என்றேன். "நான் இஞ்சை, முன்னுக்கு இருந்து கேக்கிறன்."